நமது பட்டியலில் யாருடைய பெயர்? மின்னஞ்சல் பதிவுகளில் புகும் போலிகளும் நாம் காக்க வேண்டிய அமானிதமும்

பள்ளிவாசல் நிர்வாக சபைகள், ஸகாத் நிதியங்கள், அஹதிய்யா பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள் என நமது சமூக அமைப்புகள் பலவும் இப்போது மின்னஞ்சல் வழியாகவும் அறிவித்தல்களை அனுப்புகின்றன. ரமழான் நேர அட்டவணை, புலமைப்பரிசில் விண்ணப்பத்தின் இறுதித் திகதி, உழ்ஹிய்யா பங்கு விபரம் போன்றவை இவ்வாறு போய்ச் சேருகின்றன. இதற்காக இணையத்தில் ஒரு சிறு படிவம் திறந்து வைக்கப்படுகிறது. பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிப் பொத்தானை அழுத்தினால் பதிவு முடிந்துவிடும்.

சில மாதங்கள் கழித்துப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஊர் ஜமாஅத்தின் தொகையைவிடப் பதிவுகளின் தொகை கூடியிருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துக் கோவைகள் இருக்கும். ஒரே இரவில், ஒரே நிமிடத்தில், பத்து இருபது பேர் வரிசையாகப் பதிந்திருப்பார்கள். அனுப்பிய கடிதங்களை அவர்களில் ஒருவரும் திறந்திருக்கமாட்டார்கள்.

"குப்பை சேர்ந்துவிட்டது, அழித்துவிடுவோம்" என்பதுதான் பொறுப்பாளர் மனதில் முதலில் தோன்றுவது. ஆனால் விடயம் அவ்வளவு இலேசானதல்ல. அந்தப் பெயர்கள் போலியாக இருந்தாலும், முகவரிகளில் பல உண்மையானவை. எங்கோ வாழும் ஒரு மனிதர், நம்மை அறியாதவர், நம்மிடம் எதுவும் கேட்காதவர், அவருடைய முகவரியை வேறொருவன் நமது படிவத்தில் எழுதிவிட்டான். நாம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் பள்ளிவாசலின் பெயரால் அவருடைய வீட்டுக்குள் அழையாமல் நுழைகிறது. மறுபக்கம், போலிகளை அழிக்கிறோம் என்று கை வைக்கும்போது உண்மையான ஓர் ஏழை மாணவனின் பெயரும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும். இந்த இருவரின் உரிமையையும் காப்பதே பட்டியலைப் பொறுப்பேற்றவரின் கடமை.

வேண்டாத கடிதத்தின் வரலாறு

கேட்காதவர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதல்ல. 1978 மே 3ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கெரி துவேர்க், அன்றைய ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குத் தமது புதிய கணினிகள் பற்றிய விளம்பரத்தை அனுப்பினார். இதுவே முதலாவது "ஸ்பாம்" மின்னஞ்சலாகக் கருதப்படுகிறது.

அந்தப் பெயரின் பின்னணி நம் வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஸ்பாம் என்பது ஹோர்மெல் என்ற அமெரிக்க நிறுவனம் 1937இல் அறிமுகப்படுத்திய, தகரத்தில் அடைக்கப்பட்ட பன்றி இறைச்சியின் வணிகப் பெயர். 1970இல் பிரித்தானியாவின் மொன்டி பைத்தன் நகைச்சுவைக் குழுவினர், உணவகமொன்றில் எதைக் கேட்டாலும் அதுவே வந்து விழுவதாக ஒரு நாடகம் நடித்தார்கள். வேண்டாம் என்றாலும் வந்துகொண்டே இருப்பதற்கு அந்தப் பெயர் பின்னர் இணையத்தில் நிலைத்துவிட்டது.

நமது சிறிய பட்டியலில் அவர்களுக்கு என்ன வேலை?

லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்துச் சிறிய சங்கமொன்றின் பட்டியலில் போலிப் பெயரை எழுதி யாருக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். இதை எழுதுவது பெரும்பாலும் ஒரு மனிதனல்ல. "பொட்" எனப்படும் தானியங்கி நிரல். பாதுகாப்பில்லாத படிவம் எங்கே இருக்கிறது என்று அது இணையம் முழுவதும் தேடிக்கொண்டே இருக்கிறது. படிவம் கொழும்பில் இருக்கிறதா கொட்டகலையில் இருக்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. அதன் நோக்கங்கள் முக்கியமாக நான்கு.

முதலாவது, ஒருவரின் அஞ்சல் பெட்டியை வெள்ளத்தில் மூழ்கடிப்பது. திருடன் ஒருவன் ஒருவரின் வங்கி அல்லது கடை கணக்கில் கை வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். அது அவர் கண்ணில் படாமலிருக்க, அதே வேளையில் அவருடைய முகவரியை ஆயிரக்கணக்கான படிவங்களில் பதிந்துவிடுகிறான். "எம்முடன் இணைந்தமைக்கு நன்றி" என்ற கடிதங்கள் குவிய, அவற்றின் அடியில் வங்கியின் கடிதம் புதைந்துபோகும். அந்த நன்றிக் கடிதங்களில் ஒன்று நம்முடையதாக இருக்கலாம்.

இரண்டாவது, நமது கடிதத்தையே விளம்பரத் தாளாக்குவது. பெயர் எழுதும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு சூதாட்ட இணையத்தளத்தின் முகவரியை எழுதுகிறார்கள். நாம் "அன்பின்" என்று தொடங்கி அந்தப் பெயரைச் சேர்த்துத் தானாக வரவேற்புக் கடிதம் அனுப்பும்போது, சூதாட்ட விளம்பரம் பள்ளிவாசலின் பெயரில் மூன்றாம் நபரிடம் போய்ச் சேருகிறது.

மூன்றாவது, திருடப்பட்ட முகவரிகளில் எவை இன்னும் பாவனையில் இருக்கின்றன என்று சோதிப்பது. நான்காவது, எந்தப் படிவத்தைக் கண்டாலும் நிரப்பிப் பார்ப்பது. கதவு திறந்திருந்தால் பிறகு வேறு வேலைக்கு உதவும் என்ற கணக்கு அது.

நடந்த சம்பவங்கள்

அஞ்சல் பெட்டியை மூழ்கடிக்கும் உத்தி நமது நாட்டோடும் தொடர்புடையது. 1990களின் பிற்பகுதியில், வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களுக்கு இரு வாரங்களாக நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. "இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்" என்ற பெயரில் நடந்த இத்தாக்குதல், இணையப் பாதுகாப்பு பற்றிய உலக நூல்களில் இன்றும் குறிப்பிடப்படுகிறது. அன்று தாக்குபவரே கடிதங்களை அனுப்ப வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை அப்பாவிகளின் படிவங்கள் செய்து கொடுக்கின்றன.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. அரச நிறுவனங்களின் முகவரிகள் பல, ஆயிரக்கணக்கான பட்டியல்களில் தானியங்கி முறையில் பதியப்பட்டன. இணையக் குற்றங்களைப் பற்றி எழுதும் ஊடகவியலாளர் பிரையன் கிரெப்ஸின் அஞ்சல் பெட்டியும் தாக்கப்பட்டது. அப்போது ஸ்பாம்ஹவுஸ் என்ற சர்வதேசக் கண்காணிப்பு நிறுவனம், உறுதிப்படுத்தாமல் பெயர்களைச் சேர்த்துக்கொண்ட அனுப்புநர்கள் சிலரைத் தனது தடைப்பட்டியலில் சேர்த்தது. அவர்கள் தாக்குதல் நடத்தியவர்களல்லர். கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள்.

அயல்நாடான இந்தியாவில் ரயில் பயணச்சீட்டுத் தளத்தில் இதே நோயின் இன்னொரு வடிவம் வெளிப்பட்டது. "தட்கல்" முன்பதிவு திறக்கும் முதல் 5 நிமிடங்களில் உள்நுழையும் முயற்சிகளில் 50 வீதம் வரை தானியங்கி நிரல்களுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சு கூறியது. 2.5 கோடிக்கும் அதிகமான சந்தேகக் கணக்குகள் முடக்கப்பட்டன. தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளில் பதிந்தவர்கள் தடுக்கப்பட்டார்கள். ஜூலை 1 முதல் தட்கல் சீட்டுக்கு ஆதார் உறுதிப்பாடு கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை வரிசையில் காத்திருந்த உண்மையான பயணிகளின் இடத்தையே போலிகள் பிடித்திருந்தன.

கதவைத் தட்டி அனுமதி கேட்பது

இந்த நோய்க்கு நிபுணர்கள் சொல்லும் முதல் மருந்து எளிமையானது. படிவத்தில் ஒருவருடைய முகவரி எழுதப்பட்டவுடன் அவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அந்த முகவரிக்கு ஒரேயொரு கடிதம் அனுப்பி, "இதைக் கேட்டது நீங்கள்தானா? ஆம் என்றால் இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று கேட்க வேண்டும். அழுத்தினால் சேர்க்கலாம். அழுத்தாவிட்டால் அந்த முகவரிக்கு இனி எதுவும் போகக் கூடாது. இதை இரட்டை உறுதிப்படுத்தல் என்கிறார்கள்.

இலங்கையர் எவருக்கும் இது அந்நியமானதல்ல. 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரத்துக்குப் பதிந்தபோது, கையடக்கத் தொலைபேசிக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தை இட்ட பிறகுதான் கியூ.ஆர். குறியீடு கிடைத்தது. இலக்கத்தை எழுதியவரும் அந்தத் தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்துவதே அதன் நோக்கம்.

முஸ்லிம்களாகிய நமக்கு இது இன்னும் பழக்கமான ஒழுக்கம். அல்குர்ஆனின் 24ஆவது அத்தியாயமான சூரா அந்நூரின் 27, 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழைவதைத் தடுக்கின்றன. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுமாறும் பணிக்கின்றன. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்.

இந்த ஹதீஸின் வரலாற்றிலேயே நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் கலீபா உமர் (ரழி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது மேற்கண்ட வழிகாட்டலைச் சொன்னார்கள். உமர் (ரழி) அவர்கள் அதற்குச் சாட்சி கொண்டுவரும்படி கேட்க, அபூ ஸயீத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள சம்பவம் இது. மூத்த ஸஹாபி ஒருவரிடமே இரண்டாவது உறுதி கேட்கப்பட்டது. அவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பள்ளிவாசல் பட்டியலில் சேர்வதற்கும் உறுதிப்படுத்த வேண்டுமா?" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடையாது.

உறுதி கேட்கும் கடிதத்திலும் சில ஒழுங்குகள் உண்டு. அதில் படிவத்தில் எழுதப்பட்ட பெயரைச் சேர்க்கக் கூடாது. "அன்பின் சகோதரருக்கு / சகோதரிக்கு" என்றே தொடங்கலாம். அப்போது பெயர்க் கட்டத்தில் ஒளித்த விளம்பரம் வெளியே போகாது. கடிதம் சுருக்கமாகவும் தமிழிலும் இருக்க வேண்டும். படமோ நன்கொடைக் கோரிக்கையோ அதில் இருக்கக் கூடாது. "நீங்கள் கேட்கவில்லையாயின் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

வாசலில் போடக்கூடிய பூட்டுகள்

உறுதிக் கடிதமும்கூட மூன்றாம் நபருக்குப் போகும் ஒரு கடிதம்தான். ஆகவே நிரல்களைப் படிவத்திலேயே தடுப்பது நல்லது.

பொறிக் கட்டம்: மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்படும் ஒரு வெற்றுக் கட்டம். நிரல், காணும் கட்டம் எல்லாவற்றையும் நிரப்பும் பழக்கமுடையது. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் பதிவைத் தள்ளிவிடலாம். செலவில்லாதது, உண்மையானவருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

நேரக் கணிப்பு: பெயரையும் முகவரியையும் எழுத மனிதருக்குச் சில விநாடிகளாவது வேண்டும். ஒரு விநாடியில் நிரம்பிய படிவம் மனிதருடையதல்ல.

எழுத்து வரையறை: பெயர்க் கட்டத்தில் இணைய முகவரி எழுத முடியாதபடி தடுத்து, எழுத்துக்களின் தொகைக்கும் எல்லை வைக்கலாம்.

கெப்ச்சா: வளைந்த எழுத்துக்களையோ படங்களையோ காட்டி மனிதரா என்று சோதிக்கும் முறை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வொன் ஆன், மனுவேல் பிளம் முதலியோர் இப்பெயரைச் சூட்டி இதை வளர்த்தெடுத்தார்கள். ஆனால் கண்பார்வை குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது பெரும் சிரமம். மற்றவை போதாவிட்டால் மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

தேவைக்கு மீறிக் கேட்காமை: போலிகளுக்குப் பயந்து தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வீட்டு விலாசம் எல்லாம் கேட்கும் சங்கங்கள் உண்டு. ரயில் சீட்டுக்கு அது பொருந்தலாம். ரமழான் நேர அட்டவணை அனுப்ப அடையாள அட்டை இலக்கம் எதற்கு? சேகரித்த தரவு நாளை களவுபோனால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாளரே.

மலையகத்தில் உண்மையும் போலிபோலத் தோன்றும்

பூட்டுகளைப் போடும்போது நமது பிரதேசத்தின் நிலையை மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் "சந்தேகத்துக்குரியவை" என்று சொல்லும் அடையாளங்கள் பல, இங்கே அன்றாட வாழ்க்கை.

ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து அடுத்தடுத்துப் பல பதிவுகள் வந்தால் தடுக்கச் சொல்வார்கள். பாடசாலைக் கணினிக்கூடத்தில் ஓர் இணைப்பில் ஒரு வகுப்பே அமர்ந்து புலமைப்பரிசில் அறிவித்தலுக்குப் பதிந்தால், அதுவும் அப்படித்தான் தோன்றும். கையடக்கத் தொலைபேசி வலையமைப்புகளிலும் பல பாவனையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழமை.

பெயரும் முகவரியும் பொருந்தாவிட்டால் போலி என்பார்கள். தோட்டக் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு தொலைபேசிதான் இருக்கும். பிள்ளையின் பெயரும் தந்தையின் மின்னஞ்சலும் சேர்ந்து வரும். அந்த மின்னஞ்சலைத் தொலைபேசிக் கடைக்காரரே உருவாக்கிக் கொடுத்திருப்பார். அதில் பெயருக்குப் பதில் எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்து கிடக்கும்.

ஒரே பெயர் பலமுறை வந்தால் நீக்கச் சொல்வார்கள். நமது சமூகத்தில் முஹம்மத் என்ற பெயரைத் தாங்கியவர்கள் எத்தனை பேர்! ஆங்கிலத்தில் அதை எழுதும் விதமோ ஆளுக்கு ஆள் வேறுபடும். முதலெழுத்துடன் ஒற்றைப் பெயர் எழுதுவது தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம்.

எனவே பெயரை வைத்து எவரையும் போலி என்று தீர்மானிக்கக் கூடாது. முகவரிக்குரியவர் உறுதிப்படுத்தினாரா என்பதே அளவுகோல். உறுதிக் கடிதம் "ஸ்பாம்" பகுதிக்குள் விழுந்திருக்கலாம் என்பதையும், அதை எப்படித் திறந்து பார்ப்பது என்பதையும் படிவத்தின் கீழேயே தமிழில் எழுதிவிடலாம். அதுவும் இயலாதவர்களுக்காகப் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ நேரில் பெயர் கொடுக்க ஒரு பதிவேடும் இருக்கட்டும். மின்னஞ்சல் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்குப் புலமைப்பரிசில் தவறிப்போனால், அந்தப் பட்டியல் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

ஏற்கெனவே புகுந்துவிட்டால்

பட்டியலில் போலிகள் நிறைந்திருப்பதைக் கண்டால், முதலில் அடுத்த அறிவித்தலை அனுப்புவதை நிறுத்த வேண்டும். படிவத்தைத் தற்காலிகமாக மூட வேண்டும். பின்னர் பதிவுத் திகதியையும் நேரத்தையும் வைத்து, வெள்ளம் எப்போது தொடங்கியது என்று பார்க்கலாம். அதற்கு முந்தியவர்களைத் தொட வேண்டியதில்லை.

பிந்தியவர்களில், கடிதங்களைத் திறந்தவர்களையும் நேரில் அறிந்தவர்களையும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தனியே பிரிக்க வேண்டும். வெளிப்படையாக நிரல் எழுதியவற்றை நீக்கிவிடலாம். ஐயத்துக்குரியவர்களுக்கு ஒரேயொரு உறுதிக் கடிதம், நாளொன்றுக்குச் சிறு தொகையாக அனுப்பலாம். பதில் இல்லாதவர்களை நீக்கிவிட வேண்டும். "அப்படி ஒரு முகவரி இல்லை" என்று திரும்பி வந்தவற்றுக்கு மறுபடி அனுப்பக் கூடாது.

ஜீமெயில் பாவனையாளர்களின் முகவரியில் உள்ள புள்ளிகளை அச்சேவை கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஒரே முகவரியில் புள்ளிகளை இடம் மாற்றிப் பல முறை பதிந்திருந்தால், அத்தனை கடிதங்களும் ஒரே மனிதருக்கே போகும்.

யாராவது கோபத்தோடு "நான் கேட்கவில்லை" என்று எழுதினால் விவாதிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டு உடனே நீக்கிவிடுங்கள். கடிதத்தைப் பெறுபவர்கள் அதை "ஸ்பாம்" என்று முறையிட்டால், பின்னர் உண்மையான உறுப்பினர்களுக்கும் நமது கடிதம் போய்ச் சேராது. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்களின் முறைப்பாட்டு வீதம் 0.3 வீதத்தை எட்டக் கூடாது என்றும், ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி இருக்க வேண்டும் என்றும் 2024 பெப்ரவரியில் அறிமுகமான ஜீமெயில் விதிகள் கூறுகின்றன. நமது சங்கங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை. எனினும் ஆயிரம் கடிதத்தில் மூன்று முறைப்பாடு என்ற அந்த எல்லை எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் சொந்தப் பெட்டி மூழ்கினால்

திடீரென்று நூற்றுக்கணக்கான "நன்றி", "வரவேற்கிறோம்" கடிதங்கள் வந்து குவிந்தால், எரிச்சலில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடாதீர்கள். வங்கி, தொலைபேசி நிறுவனம், இணையக் கடை ஆகியவற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். பணம் எடுத்தமை, கடவுச்சொல் மாற்றியமை பற்றிய கடிதம் அடியில் இருக்கலாம். வங்கிக்குத் தொலைபேசி எடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். அறிமுகமில்லாத கடிதங்களில் உள்ள இணைப்புகளை அழுத்த வேண்டாம். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவான "சேர்ட்" அமைப்பிடமும் முறையிடலாம்.

சட்டமும் பொறுப்பும்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கோராத செய்திகளை அனுப்புவது பற்றியும் பேசுகிறது. சம்மதம் பெற்றே அனுப்ப வேண்டும், விலகிக்கொள்ளும் வழி கட்டணமின்றி இருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படை. உறுதிப்படுத்திய திகதியும் நேரமும் பதிவாகியிருந்தால், சம்மதம் பெற்றோம் என்பதற்கு அதுவே சான்று. சங்கத்தின் நிர்வாகம் மாறும்போது பட்டியலின் கடவுச்சொல்லையும் மாற்றி, முறைப்படி ஒப்படைக்க வேண்டும். ஸகாத் பெறுவோர் பற்றிய விபரமும் மின்னஞ்சல் பட்டியலும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது.

நிர்வாக சபைக் கூட்டங்களில் "நமது பட்டியலில் இத்தனை ஆயிரம் பேர்" என்று பெருமையோடு அறிக்கை வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில், அவர்களில் எத்தனை பேர் தாமாகக் கேட்டுச் சேர்ந்தவர்கள் என்றும் சபையோர் விசாரிக்கட்டும். பிறருடைய முகவரி நம் கையிலுள்ள அமானிதம். அதை உரியவரின் அனுமதியோடு பாவிப்பதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.